84 வீட்டில் ஒரு வீடு மட்டும் குப்பையைப் பிரித்தால்

கேள்வி:

வணக்கம் சார். கோவையில் 84 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். பல வருடமாகக் குப்பையைப் பிரித்துத்தான் போடுகிறேன். பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைத்து, அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். போன மாதம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கீழே பார்த்தால், வண்டிக்காரர் என் ஈரக் குப்பைப் பச்சைக் கூடையையும் உலர் குப்பை நீலக் கூடையையும் ஒரே டிரம்மில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு மனசே விட்டுப்போச்சு. "நீ ஒருத்தி பிரிச்சு என்னத்தக் கண்ட, அதெல்லாம் கார்ப்பரேஷன்காரன் பாத்துக்கோணும்" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். காலேஜ் படிக்கிற மகளோ, "குப்பையை உண்டாக்குறது பெரிய கம்பெனிங்க, பழி மட்டும் உன் தலைல, நீ ஏமாந்துட்டிருக்கேம்மா" என்கிறாள். படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு டயப்பர் வாங்கும்போதெல்லாம் உறுத்தல் வேறு. மூன்றாவது மாடியில் ஒருவர் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி லிஃப்ட் பக்கத்தில் வைத்திருந்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன், அவர்கள் வீட்டில் யாரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. இதையெல்லாம் தொடர்வதா, போதும் என்று விட்டுவிடுவதா?
(பெயர் வேண்டாம், கோவை)

பதில்:

சகோதரி, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரிப்பதை விட வேண்டாம், ஆனால் இப்போது செய்கிற அளவுக்கு மெனக்கெடவும் வேண்டாம். பால் கவரை ஒரு தடவை அலசி உதறிப் போட்டால் போதும், ரப்பர் பேண்ட் எல்லாம் தேவையில்லை. அதில் மிச்சமாகிற நேரத்தை உங்கள் சமையலறைக்கு வெளியே செலவழிக்கச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் அந்த வண்டிக்காரர் விஷயத்தைப் பேசிவிடுவோம், உங்கள் மனசு விட்டுப்போனது அங்கேதானே.

திடக்கழிவு மேலாண்மைப் பொறியாளராக உள்ளாட்சிகளோடு வேலை செய்கிற எனக்கு அந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. அவர் இடத்தில் நின்று பாருங்கள். 84 வீட்டில் ஒழுங்காகப் பிரித்துத் தருகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். மற்ற கவர்களில் பழைய சோறு, நாப்கின், பிளேடு, கோழி எலும்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதைப் பச்சை டிரம்மில் கொட்டினாலும் தப்பு, நீல டிரம்மில் கொட்டினாலும் தப்பு, ஆக முதல் பத்து வீட்டிலேயே இரண்டு டிரம்மும் கலந்த குப்பையாகிவிடும், அதற்கப்புறம் உங்கள் கூடை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை வைக்க வண்டியில் இடம் கிடையாது. இதோடு இன்னொன்றும் உண்டு. பல ஊர்களில் ஒப்பந்ததாரருக்குக் குப்பைக் கிடங்கில் இறக்குகிற எடைக்குத்தான் காசு. ஈரக் குப்பை கனமானது. அதைத் தனியாக எடுத்து உரக்கூடத்துக்கு அனுப்பினால் கிடங்குக்குப் போகிற எடை குறையும், பில்லும் குறையும். இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊர்ச் சுவரெல்லாம் "குப்பையைத் தரம் பிரித்து வழங்குவீர்" என்று எழுதி வைப்பது எங்கள் துறையின் நிரந்தர நகைச்சுவை. ஆகவே அவரைத் திட்டாதீர்கள். அட்டைப்பெட்டியையும் பாட்டிலையும் மட்டும் பொறுக்கி ஒரு சாக்கில் தொங்கவிட்டிருப்பார், கவனித்திருப்பீர்கள். பழைய இரும்புக் கடையில் போட்டு வருகிற அந்தக் காசு அவர் சம்பளத்தில் ஒரு பகுதி மாதிரி.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ குப்பை வரும் என்று வைத்தால் உங்கள் கட்டடம் முழுக்க 100 கிலோவுக்கு மேல். (இந்த 100 என்கிற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.) அதில் உங்கள் பங்கு நூற்றில் ஒன்று, கொஞ்சம் கூட. அந்த ஒரு பங்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மீதி தொண்ணூற்றொன்பதோடு கலந்தபின் அதற்கு அர்த்தமில்லை. கணக்காக மட்டும் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான்.

அவர் பக்கம் பேச ஒரு ஊரும் இருக்கிறது, குஜராத்தின் சூரத். 1994-ல் பிளேக் வந்து ஜனங்கள் ரயிலேறி ஓடிய ஊர். அடுத்த ஆண்டு எஸ்.ஆர். ராவ் என்ற ஆணையர் வந்தார். அதிகாரிகள் தினமும் காலையில் ஆபீசுக்குப் போகாமல் தெருவுக்குப் போக வேண்டும் என்று வைத்தார், குப்பை கொட்டுகிற கடைக்காரர்களுக்கு அபராதம் போட்டார், இரண்டே வருடத்தில் நாட்டின் சுத்தமான ஊர்களில் ஒன்றாக அதைப் பேச ஆரம்பித்தார்கள். ஊர் அதே ஊர், ஜனங்களும் அதே ஜனங்கள். நிர்வாகம் நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் "கார்ப்பரேஷன்காரன் பார்த்துக்கொள்வான்" என்பதற்கு உங்கள் ஊரிலேயே பொருள் இருக்கிறது, வெள்ளலூர் குப்பைக் கிடங்குப் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறும். அது காற்றுப் புகாமல் மலையாகக் குவிந்து அழுகும்போது மீத்தேன் என்ற எரியக்கூடிய வாயு வரும், கோடையில் எங்கோ ஒரு பொறி விழுந்தால் அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு எரிந்தது, 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு எரிந்து ஊரே மூச்சுத் திணறியது, 2024 ஏப்ரலில் வெள்ளலூர். எந்த மாநகராட்சியாலும், எவ்வளவு பெரிய மெஷின் வைத்திருந்தாலும், சாம்பார் ஊறிய பேப்பரை மறுபடி பேப்பராக்க முடியாது. பிரிக்கிற வேலை சமையலறையில் நடந்தால் இரண்டு விநாடி, கிடங்கில் நடந்தால் கோடிக்கணக்கில் டெண்டர். ஆகவே அவர் சொல்கிற நிர்வாகம் நாளைக்கே வந்தாலும் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி "பிரிச்சுக் குடுங்க" என்றுதான் கேட்கும்.

கேரளத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள். ஹரித கர்ம சேனை என்று பெண்கள் குழுக்கள் வீடு வீடாக வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மாதாமாதம் ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துப்போகிறார்கள். நீங்கள் பாலக்காட்டில் குடியிருந்தால், பால் கவர் கழுவுவதை யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள், கழுவாதவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் செய்வது அதே வேலைதான். அங்கே அதை வாங்கிக்கொள்ள ஒரு கை நீட்டப்பட்டிருக்கிறது, உங்கள் கட்டடத்தில் அந்தக் கை இல்லை. இல்லாத அந்தக் கையை உண்டாக்குவதுதான் இனி உங்கள் வேலை என்று நினைக்கிறேன், இன்னும் நன்றாகக் கழுவுவது அல்ல.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் நல்ல விஷயமாகத்தான் எங்கேயோ படித்திருக்கிறாள், திட்டிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பீர், சோடா பாட்டில்கள் டெபாசிட் கட்டி வாங்கி, குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவையாக இருந்தன, நம்ம ஊர் கோலி சோடா பாட்டில் கடையை விட்டு நகராத மாதிரி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒருமுறை குடித்து வீசுகிற பாட்டிலும் டின்னும் பெருகின, சாலையோரம் குப்பையானது. 1953-ல் வெர்மான்ட் மாநிலம், திருப்பி எடுத்துக்கொள்ளாத பாட்டிலில் பீர் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதே 1953-ல் பாட்டில், டின் செய்கிற கம்பெனிகளும் பானக் கம்பெனிகளும் சேர்ந்து "கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்" என்ற அமைப்பை ஆரம்பித்தன. வெர்மான்ட் சட்டம் நாலே வருடத்தில் காலாவதியாகிவிட்டது. 1971-ல் இந்த அமைப்பின் டிவி விளம்பரம் ஒன்று பிரபலமானது. பூர்வகுடி உடையணிந்த ஒருவர் காலடியில் காரிலிருந்து குப்பை வந்து விழும், அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர், அசுத்தத்தை ஆரம்பிப்பது மக்கள், நிறுத்தவும் மக்களால் முடியும் என்று பின்னால் ஒரு குரல். அதில் நடித்தவர் பூர்வகுடியே இல்லை, இத்தாலிய வம்சாவளிக்காரர் என்பது தனிக்கதை. விளம்பரத்தில் பாட்டில் செய்தவர் எங்கேயும் தெரிய மாட்டார், வீசியவர் மட்டும்தான் தெரிவார். அதே ஆண்டில் ஆரிகன் மாநிலம் டெபாசிட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மாதிரிச் சட்டங்களைப் பல மாநிலங்களிலும் எதிர்த்து நின்றது இதே தொழில்தான். உங்கள் மகள் சொல்கிற "பழி உன் தலையில்" என்பது இதுதான், அவள் கற்பனை செய்யவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் போதும். நீலகிரிக் காடுகளில் டாஸ்மாக் பாட்டில்களை உடைத்து வீசுவது யானைகளின் கால்களைக் கிழிக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. எத்தனையோ விழிப்புணர்வு போர்டுகள் அந்தச் சாலையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. 2022 மே மாதம் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவது என்று ஆரம்பித்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்துவிட்டன, பிறகு கோவை உள்படப் பல மாவட்டங்களுக்கும் திட்டம் வந்தது. குடிப்பவர்களுக்குத் திடீரென்று யானை மேல் பாசம் பொங்கிவிட்டதா என்ன? போதையில் ஒருவர் வீசிவிட்டுப் போனாலும் பத்து ரூபாய்க்காக இன்னொருவர் பொறுக்கிக்கொண்டு போகிறார். (ஸ்டிக்கர் ஒட்டுவது, பாட்டிலை வாங்கி எண்ணி அடுக்குவது எல்லாம் கடை ஊழியர்கள் தலையில் விழுந்தது, இடமும் இல்லை ஆளும் இல்லை என்று அவர்கள் சண்டை போட்டார்கள், அதுவும் நியாயம்தான். ஏற்பாடு செய்கிறவர்கள் வேலையை யார் செய்வது என்று கடைசியில்தான் யோசிப்பார்கள்.)

ஆகக் கம்பெனிகள் பொறுப்பேற்க வேண்டும், சட்டம் மாற வேண்டும், பத்து ரூபாய் நூறு போர்டுகளை விட நன்றாகப் பேசும், எல்லாம் சரி. இதிலிருந்து "அதனால நீ எதுவும் செய்யாதே" என்று உங்கள் மகள் போகிற இடத்தில்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அந்த முடிவால் கம்பெனிக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, கார்ப்பரேஷனுக்கும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்து சரியாகப் பேசுகிற ஒரு ஆள், அவர்களுக்கு யாரை விடவும் சௌகரியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தக் கவரைப் பழைய பேப்பர்க்காரர் வாங்குவார், எதைத் தொடவே மாட்டார் என்று உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு அவளுக்குத் தெரியாது. பால் கவர் போகும், ஷாம்பு பாட்டில் போகும், உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிற சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஒரு ரூபாய் ஷாம்பு சாஷே இதெல்லாம் போகாது, ஏனென்றால் அவை இரண்டு மூன்று பொருள்களை ஒட்டிச் செய்தவை, பிரித்து உருக்க முடியாது, கடைசியில் சிமென்ட் ஆலையில் எரிப்பதற்குத்தான் போகும். இந்த மாதிரி உறைகளைத் திருப்பி எடுக்கிற பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2016-லேயே பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்லிவிட்டன, 2022-ல் அதை இலக்கு வைத்து இறுக்கினார்கள். மகளையே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் உங்கள் நீலக் கூடையில் விழுகிற, யாரும் வாங்காத உறைகளை மட்டும் எடுத்து எந்தக் கம்பெனி, எத்தனை என்று எழுதட்டும். பத்து வீட்டுக் கூடையில் இதைச் செய்தால் அது புலம்பல் இல்லை, கையில் இருக்கிற ஆதாரம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதும்போது அதை இணைக்கலாம். வீட்டில் பிரிக்காத ஒருவரால் இந்தக் கணக்கை எடுக்கவே முடியாது என்பதைப் பாருங்கள். நீங்கள் இத்தனை நாள் செய்ததன் உண்மையான லாபம் எனக்கு இதில்தான் தெரிகிறது, மக்கிய அந்த ஒரு கிலோவில் அல்ல.

பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் என்பவரைக் கேள்விப்பட்டிருப்பீர்களோ என்னவோ. பொறியியல் படித்தவர், ஊர் ஓரமாகக் குப்பை கொட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் 1996-ல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். மத்திய அரசின் மேல் வழக்கு. அதன் விளைவாகத்தான் 2000-ஆம் ஆண்டில் நாட்டுக்கே முதல் முறையாக நகரக் குப்பைக்கென்று விதிகள் வந்தன, அதன் தொடர்ச்சிதான் 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள். அவரும் ஒருத்திதான், உங்கள் வீட்டுக்காரர் பாணியில் சொன்னால். தன் வீட்டுக் கூடையோடு அவர் நின்றிருந்தால் அந்த விதிகள் வேறு யாராவது கேட்கும்வரை வந்திருக்காது.

உங்களை உச்சநீதிமன்றத்துக்குப் போகச் சொல்லவில்லை, கீழ்த்தளம் வரைக்கும் போனால் போதும், அங்கேதானே அசோசியேஷன் ஆபீஸ் இருக்கும்.

இப்போது அந்த 100 கிலோ. 2016 விதிகளிலும், 2026-ல் அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய விதிகளிலும், ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடத்துக்குப் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்று பெயர். அப்படிப்பட்ட இடங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும் புதிய விதிகளில் இருக்கிறது. வாட்ச்மேனிடம் ஒரு தராசு கொடுத்து ஒரு வாரம் எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். 84 வீட்டுக்கு அநேகமாக 100-ஐத் தாண்டி நிற்கும். அதற்கப்புறம் நீங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்தால், குப்பை மேல் ஆசைப்பட்ட ஒரு அம்மா பேசுவதாக இருக்காது, அசோசியேஷன் மேல் இருக்கிற சட்டக் கடமையை ஒரு உறுப்பினர் ஞாபகப்படுத்துவதாக இருக்கும். செயலாளர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் நேராகக் கூட்டத்தில் போய் எழுந்துவிடாதீர்கள், முதலில் பத்து வீடு சேருங்கள். 84 பேரையும் திருத்த நினைத்தால் நாலு மாதத்தில் களைத்துப்போவீர்கள், இப்போதே பாதி களைத்துவிட்டீர்கள். பெரும்பாலானவர்கள் கெட்டவர்கள் இல்லை, "மத்தவங்க செஞ்சா நானும் செய்யறேன்" என்கிற ரகம். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம், பொதுக் குளம், பொது மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால் இதையெல்லாம் ஊர்க்காரர்கள் தாங்களே எப்படிக் காப்பாற்றினார்கள் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே சேர்ந்து போட்டது, யார் செய்கிறார்கள் யார் செய்யவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது, மீறியவருக்கு முதல் தண்டனை சிறிதாக இருந்தது, இப்படி இருந்த இடங்களில் நிலைத்ததாக அவர் பார்த்தார். உங்கள் கட்டடத்துக்கு இதைப் பொருத்தினால், ஒரு பிளாக்கில் பத்து வீடு இரண்டு மாதம் செய்து காட்ட வேண்டும், அப்புறம் கூட்டத்தில் தீர்மானம், அதற்கும் அப்புறம்தான் "பிரிக்காத கவர் எடுக்கப்படாது" என்ற விதி.

மூன்றாவது மாடிப் போட்டோ இங்கேதான் இடிக்கிறது. முதல் தண்டனையே ஊர் முன்னால் அவமானம் என்று ஆரம்பித்துவிட்டீர்கள், அதுவும் அப்போது விதியே இல்லை. நேரில் போய் "போட்டோ போட்டிருக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிடுங்கள், குப்பையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை வேண்டாம். அந்த வீட்டில் குப்பையைக் கட்டி வெளியே வைப்பது யார் என்று விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் வேலைக்கு வருகிற அக்காவாக இருக்கும். அடுக்குமாடிகளில் வீட்டு உரிமையாளர்களைக் கூட்டி வைத்து மணிக்கணக்கில் வகுப்பு எடுக்கிறோம், கூடையைக் கையால் தொடுகிறவர் அந்த நேரத்தில் அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் ஒருவரே உங்கள் பிளாக்கில் நாலு வீட்டுக்குப் போவார். அவரைப் பிடித்தால் நாலு வீடு வந்த மாதிரி.

உரம் போடுவது பெரிய வித்தை இல்லை. உங்கள் கட்டடத்தில் ஈரக் குப்பை தினமும் 60 கிலோ வரலாம். காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகள் சில, ஒவ்வொரு அடுக்குக்கு மேலும் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சி பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கு அலைய வேண்டியதில்லை. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், நார்க்கழிவைக் கூட்டிக் கிளறிவிட வேண்டும். புழு வந்தால் பயப்பட வேண்டாம், எலி வந்தால் கம்பி வலை. இரண்டு மாதத்துக்குள் உரமாகிவிடும், அளவும் நன்றாக வற்றிவிடும். எங்கே இது தோற்கிறது என்றால், ஆர்வமுள்ள இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை கிளறிக்கொள்கிறோம் என்று ஆரம்பிக்கிற இடத்தில். ஒருவர் ஊருக்குப் போவார், இன்னொருவருக்கு முதுகு பிடிக்கும், மூன்றாவது வாரம் நாறும், நாலாவது வாரம் தொட்டியை எடுக்கச் சொல்லி மனு வரும். ஆகவே வளாகத்தில் வேலை செய்கிறவர்களில் ஒருவருக்குத் தனிச் சம்பளம் கொடுத்து, கையுறையும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்து, அதைப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்றுங்கள். 84 ஆல் வகுத்தால் ஒரு வீட்டுக்கு ஒரு சினிமா டிக்கெட் கூட ஆகாது. உலர் குப்பையை அந்த வண்டிக்காரரிடமே சுத்தமாகக் கொடுத்துவிடுங்கள், விற்ற காசு அவருக்கு என்று தீர்மானமே போடுங்கள். அதற்கப்புறம் அவரே கலக்க விட மாட்டார்.

"தூய்மைப் பணியாளர் சரியில்லை" என்பது எல்லா அசோசியேஷனிலும் கேட்கிற பேச்சு என்பதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். புனேயில் குப்பை பொறுக்குகிற பெண்கள் 1993-ல் சங்கம் வைத்தார்கள், 2008-ல் "ஸ்வச்" என்ற கூட்டுறவு அமைப்பாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள், வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கிக்கொண்டு பிரித்த குப்பையை எடுக்கிறார்கள். நம் ஊரில் 2025 ஆகஸ்டில் தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். சுத்தமான தெரு வேண்டும் என்று கேட்கிற அடுக்குமாடிச் சங்கங்களில் எத்தனை பேர், ஆதரவோ எதிர்ப்போ, அது என்ன விஷயம் என்று விசாரித்தார்கள்? குப்பையைப் பொறுத்தவரை கூட்டு முயற்சி என்றால் நமக்குள் கூடுவதாகவே நினைத்துக்கொள்கிறோம்.

டயப்பர் பற்றி. படுக்கையில் இருக்கும் ஒருவரைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்கு நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணி வைத்துப் பார்க்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால், துவைக்க வருவீர்களா என்று கேளுங்கள். மலத்தைக் கழிவறையில் தள்ளிவிட்டு, டயப்பரைச் சுருட்டிப் பேப்பரில் கட்டி, மேலே சிவப்பு மையில் ஒரு அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுத்தால் உங்கள் கடமை முடிந்தது. பயன்படுத்தியதைச் சுற்றிப் போட ஒவ்வொன்றுக்கும் உறை தர வேண்டும் என்று 2016 விதிகளே தயாரிப்பாளருக்குச் சொல்லிவிட்டன. நீங்கள் வாங்குகிற பாக்கெட்டில் அப்படி ஏதாவது வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால், மகளின் பட்டியலில் முதல் வரியாக அதை எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக மாநகராட்சி. பத்து வீடு ஓடத் தொடங்கி, அசோசியேஷன் தீர்மானமும் போட்டபிறகு, லெட்டர்ஹெட்டில் சுகாதார ஆய்வாளருக்கும் கவுன்சிலருக்கும் எழுதுங்கள், நாங்கள் பிரித்துத் தருகிறோம், பிரித்து எடுக்கிற வண்டி வேண்டும் என்று. தனி ஆளாகப் போனால் "பாக்கறோம்மா" என்பார்கள். 84 வீட்டு ஓட்டு லெட்டர்ஹெட்டோடு வந்தால் நாற்காலி போடுவார்கள். ஏரியா சபைக் கூட்டம் நடந்தால் அங்கேயும் வையுங்கள். கூடவே வீட்டுக்காரரை ஒரு வேலைக்கு இழுங்கள், கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அல்லவா, பார்த்துக்கொள்கிறதா என்று அவரே கேட்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. கேள்விகள் மூன்று போதும்: நம் வார்டிலிருந்து கடந்த மூன்று மாதத்தில் உரக்கூடத்துக்குப் போன ஈரக் குப்பை எத்தனை டன், கிடங்குக்குப் போனது எத்தனை டன், குப்பை எடுக்கும் ஒப்பந்ததாரருக்குப் பணம் எதன் அடிப்படையில் தரப்படுகிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலும், மூன்றாவது கேள்வியை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குத் தந்தாலும், மேல்முறையீடு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். பதில் கைக்கு வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள்.